ஒன்பதாம் எண் கூண்டு

இரண்டாம் பாகத்தில் காற்று தப்பு. பதினேழு நாளாக வேதரத்தினம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், கேட்க ஆளில்லாமல். படம் பளபளக்கிறது, கடல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, படகுக்காரன் சட்டையில் பொத்தான்கூடத் தெரிகிறது, எல்லாம் இருக்கட்டும், காற்று தப்பு. சோற்றில் கல் கிடந்தால் இலை எவ்வளவு பச்சை என்றா பார்ப்பான் மனுஷன். மடியில் டேப்லெட், அதில் அந்த ஆட்டம், முப்பத்தொரு சதவீதம் பேட்டரி. காலை பதினொன்றுக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள், புயலுக்கு முன்னால் வந்துவிடுகிற ஒரே ஆள் அவர்கள்தான். வெளியே வானம் அடிப்பிடித்த அலுமினியச் சட்டி. மணி ஒன்றரை. மாலைக்குள் கரையேறும் என்கிறார்கள், எங்கே என்று கேட்டால் இங்கேயிருந்து அங்கேவரைக்கும் எங்காவது என்கிறார்கள், அதைச் சொல்ல ஒரு இலாகா. முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்துக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றி இறக்கினவர் அவர். இந்தக் கரையில் ஒரே ஒரு கணக்குத்தான், பச்சைப்பிள்ளைக்கும் புரியும். புயல் ஊருக்கு வடக்கே கரையேறினால் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், தண்ணீர் பின்வாங்கும், ஓடு போகும், மரம் போகும், ஆள் மிஞ்சுவான். தெற்கே ஏறினால் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து வீசும், வரும்போது கடலையும் கூட்டிக்கொண்டு வரும். வடக்கே என்றால் எட்டாம் எண் கூண்டு. தெற்கே என்றால் ஒன்பது. தலைக்கு மேலேயே என்றால் பத்து. முடிந்தது. இந்த மூன்று நம்பருக்குள்தான் அவர் சம்பளம், கல்யாணம், பிள்ளைப்பேறு, ரிட்டயர்மெண்டு எல்லாம் அடங்கியது. இதைத்தான் அந்த மடையன்கள் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதல் பாகம் அப்படியில்லை. மகள் மஸ்கட்டிலிருந்து வந்தபோது, அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரோடும் சண்டைக்கு நிற்கிறார் என்று டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஆட்டம். அதன் பெயர் வாயில் நுழையாது, அவர் 'துறைமுகம்' என்றே வைத்துக்கொண்டார். ஒரு சின்னத் துறைமுகத்துக்கு நீதான் காவல். படகை உள்ளே கொண்டுவா, கிடங்குக் கதவை அடை, புயல் எந்தப் பக்கம் என்று காற்றைப் பார்த்துச் சொல், சனங்களை மேட்டுக்கு ஏற்றுவதா வீட்டிலேயே இருக்க வைப்பதா, முடிவு உன்னுடையது. முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் கயிற்றை இழுத்துக் கூண்டை ஏற்றும்போது கட்டைவிரலுக்குக் கீழே கயிறு கனத்தது, நிஜமாகவே கனத்தது, நனைந்த கயிறு எப்படி வராமல் முரண்டு பிடிக்குமோ அப்படி. அப்போது சிரிப்பை நிறுத்தினார். இதைச் செய்தவன் எவனோ ஒருத்தன் கொடிமரத்தடியில் நின்றிருக்கிறான். எந்த நாட்டுக்காரனோ, ஆனால் நின்றிருக்கிறான். வாடைக்காற்று எந்த மணிக்குத் திரும்பும், திரும்புவதற்கு முன்னால் எப்படி ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அதுகூட இருந்தது அதில். ஏழு மாதம் ஆடினார். உலகத்தில் தன் வேலை தெரிந்த இன்னொருத்தன் இருக்கிறான் என்பது எழுபது வயதில் வருகிற சந்தோஷமா, வந்தது. ஒரு இழுவைப் படகு கொடுத்து இதற்குப் பெயர் வை என்றது ஆட்டம். வைத்தார். என்ன பெயர் என்று மகளுக்கும் சொல்லவில்லை, வீட்டுக்காரிக்கும் சொல்லவில்லை. இரண்டாம் பாகம் வருகிறது என்று நாலு வருஷம் காத்திருந்தார். வந்தது. பழைய படகைக் கொண்டுவர முடியாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது. சரி, படகு போனால் போகட்டும். அதே துறைமுகம், அதே கலங்கரை விளக்கு, அதே சிவப்புக் கூரைக் கிடங்கு. கூண்டைத் தொட்டால் போதும், பலூன் மாதிரி மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது, கயிறும் இல்லை கனமும் இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டார். நாலாம் கட்டத்தில் முதல் புயல் வந்தது, வடக்கே போகிறது என்று கணக்குப் பார்த்துச் சனங்களை வீட்டில் இருக்க வைத்தார். கடல் உள்ளே வந்து அத்தனை பேரையும் கொண்டுபோயிற்று. திரையில் ஒரு அழுகை பொம்மை.

காற்று மாறிச் சுழல்கிறது. பூமத்திய ரேகைக்குக் கீழே அப்படித்தான் சுழலும், அது தெரியாதவரா அவர், ஆனால் அதே ஊர், அதே விளக்கு, முதல் பாகத்தில் சரியாகச் சுழன்ற காற்று எப்படி மாறும், எவனோ ஒருத்தன் பார்க்காமல் திருப்பிப் போட்டிருக்கிறான், அந்தக் கொடிமரத்துக்காரனை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள், வேறென்ன. மகளிடம் சொல்லிப் புகார் எழுத வைத்தார். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள் என்று பதில் வந்தது. ஏற்றிப் பார்த்தார். பதினோரு தடவை நாலாம் கட்டத்தில் ஊர் முழுகியது. பன்னிரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, சரிடா, உன் கோணல் கணக்கிலேயே உன்னை ஜெயித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். கை பழைய பழக்கத்துக்கே ஓடியது. அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் 'தெற்கே போனால் தப்பித்தோம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி டேப்லெட் உறையின் உட்பக்கம் ஒட்டினார். திறக்கும்போதெல்லாம் அதில்தான் கண் விழும். தெற்கே போனால் தப்பித்தோம். காலையில் பல் விளக்கும்போது தெற்கே போனால் தப்பித்தோம். சாப்பிடும்போதும் வாய் முணுமுணுக்கும். "என்ன சாமி மந்திரமா?" என்பாள் வீட்டுக்காரி. "அந்த டப்பாக்குள்ள புயலு வந்தா மட்டும் ஓடி ஓடி வேல பாக்குறீங்க, கொல்லையில முருங்கை சாஞ்சு ஒரு மாசமாவுது." அவளுக்கு என்ன தெரியும். தெரியாது என்றும் சொல்ல முடியாது, அவளுக்கு எது தெரியும் எது தெரியாது என்று நாற்பத்தொன்பது வருஷத்தில் அவருக்குப் பிடிபடவில்லை.

அவள் வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், வாக்கரை முன்னால் நிறுத்திவைத்து, மடியில் பை. பைக்குள் ரேஷன் கார்டு, மாத்திரை டப்பா, இரண்டு புடவை, அவருடைய வேட்டி, ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பி. காலையிலேயே கட்டிவிட்டாள். கட்டினாளே தவிரப் போகலாம் என்று சொல்லவில்லை, அதுதான் அவருக்கு எரிச்சல், சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். பன்னிரண்டு மணிக்கு ஊராட்சி வேன் வந்தது. எழுத்தர் குணாளன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பெரியவரே, ஏறுங்க, பள்ளிக்கூடத்துல சாம்பார் சாதம் ரெடி" என்றான். "எத்தனாவது நம்பர்டா ஏத்திருக்கு?" "எட்டு." "எட்டுக்கு நான் வீட்ட விட்டுக் கெளம்புனதில்ல. போ." "பெரியம்மாவாவது வரட்டும், கால் முடியாதவங்க." "என்னமோ அவ கால நீ வாங்கிக் குடுத்த மாதிரி பேசுற. போடா." அவன் சிரித்தான். "மூணரைக்குக் கடைசி ட்ரிப்பு, அதுக்கு மேல தண்ணி நின்னா வேன் வராது, சொல்லிட்டேன்." எட்டு. வடக்கே. தரைக்காற்று. வீடு காங்கிரீட்டு, ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று, கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் பின்வாங்கத்தான் போகிறது. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். அந்தப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், நூறு பேருக்கு ஒரு கக்கூஸ், அவளைக் கைத்தாங்கலாக வரிசையில் நிறுத்த வேண்டும், பார்க்கிறவன் எல்லாம் ஐயோ பாவம் என்று வழிவிடுவான். அந்த ஐயோ பாவம்தான் வேண்டாம். புயல் வந்தால் ஊரே அவர் முகத்தைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது, இப்போது அவரை சாம்பார் சாதம் சொல்லி வேனில் ஏற்றுகிறார்கள். போகமாட்டார். எட்டுக்குப் போகமாட்டார். காரணம் சரியாக இருந்தது. காலையில் சரியாகத்தான் இருந்தது.

இருபத்திரண்டு சதவீதம். நாலாம் கட்டம். திரையில் மேகம் சுருள்கிறது, பலகை இடுக்கில் நிஜக் காற்று ஊதல் விடுகிறது, எந்தச் சத்தம் எதனுடையது என்று ஒரு நிமிஷம் தடுமாறுகிறது. சுவரோரம் எறும்பு சாரை சாரையாக மேலே போகிறது, முட்டையைத் தூக்கிக்கொண்டு. எறும்புக்கு யார் கூண்டு ஏற்றினது. கல்யாணமான வருஷம் இப்படித்தான் எறும்பு ஏறிற்று, துறைமுகக் குவார்ட்டர்ஸ் சுவரில், அவள் நாலு மாசம், அவர் கொடிமரத்தை விட்டு நகர முடியாது, இறங்கிப் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரக்கூட மாற்று ஆள் கிடைக்கவில்லை. காலையில் ஒரு கூண்டு, நடுப்பகலில் அதை இறக்கிவிட்டு வேறொன்று. என்ன நம்பர் அது, எதை இறக்கினார், எதை ஏற்றினார், ஞாபகம் அங்கே போய் இடித்துக்கொண்டு நிற்கிறது, நம்பர் வரவில்லை, கயிறு உள்ளங்கையை அறுத்தது வருகிறது, மழை ஊசியாகக் குத்தியது வருகிறது. மறுநாள் குவார்ட்டர்ஸில் கூரைவரை சேறு. அவர் சேற்றில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தும் தெரியாமலும். பின்னாலிருந்து, "என்னத்தத் தேடுறீங்க?" என்கிறாள். கையில் தகரப் பெட்டி. சுங்க ஆபீஸ் மாடியில் ராத்திரி முழுக்க இருந்தாளாம். யார் உன்னை அங்கே போகச் சொன்னது என்று கத்தினார், அழுகை வந்ததை மறைக்கக் கத்தினார். "கொல்லையிலேர்ந்து கூண்டு தெரிஞ்சுதே" என்றாள். அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. எப்படித் தெரிந்தது என்று அப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திரையில் சுருள் தெற்கே நகர்கிறது. தெற்கே. கட்டைவிரல் யோசிக்கவில்லை, காகிதத்தைப் பார்த்துப் பழகின விரல், சனங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிற பொத்தானை அமுக்கிற்று. கடல் பின்வாங்கிற்று. பாட்டு, வாணவேடிக்கை, தங்க மெடல். நாலாம் கட்டம் முடிந்தது. ஜெயித்தாயிற்று. இவ்வளவுதானா என்று இருந்தது. சரியாகச் செய்து தோற்றபோது இருந்த மரியாதைகூட இந்த மெடலில் இல்லை. ஆனாலும் ஜெயித்தாயிற்று, கோணல் கணக்கிலேயே.

போன் அடித்தது. பன்னீர். அவருக்குப் பின்னால் கொடிமரத்துக்கு வந்தவன், அண்ணே அண்ணே என்று இப்போதும் புயலுக்குப் புயல் போன் பண்ணுகிறவன். இரைச்சலில் பாதிதான் கேட்கிறது. "அண்ணே, திரும்பிருச்சு. நமக்குத் தெற்க ஏறுதாம், கேக்குதா, தெற்க, இப்பத்தான் கூண்ட மா..." "தெற்கேயா? நல்லதாப் போச்சு. வெய்யி" என்று வைத்துவிட்டார். யார் போனிலும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்காதவர். தெற்கே போனால் தப்பித்தோம். உடம்பு நாற்காலியில் தளர்ந்தது. பார்த்தாயா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு ஓடியிருந்தால் கேலிக்கூத்து ஆகியிருக்கும். எழுந்து கதவை ஒரு சாண் திறந்து வெளியே தலையை நீட்டினார். தென்னை மட்டை எல்லாம் தெருவைப் பார்த்துச் சீவிவிட்ட மாதிரி கிடக்கிறது. காலையில் அப்படியில்லையே. காலையில் பக்கவாட்டில் அல்லவா ஆடிக்கொண்டிருந்தது. இருக்கட்டும், காற்று என்றால் திரும்பத்தான் செய்யும். உதட்டை நக்கினார். உப்பு. நின்றார். உப்பு எதற்கு. தரைக்காற்றில் புழுதி வரும், சாணி வாடை வரும், உப்பு எங்கிருந்து வரும். வேர்வையாக இருக்கும். வேர்க்கவில்லையே. ரசம் சாப்பிட்ட வாய், ரசத்தில் அவள் எப்போதும் உப்பைத் தூக்கிப் போடுகிறவள். அப்படித்தான். கதவைச் சாத்தினார். தெற்கே போனால் தப்பித்தோம் என்று இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார், இந்தத் தடவை அது தொண்டையில் முள் மாதிரி நின்றது, விழுங்கினால் இறங்கவில்லை, துப்பினால் வரவில்லை. எங்கேயோ எதையோ திறந்துபோட்டு வந்துவிட்ட மாதிரி. கேஸ் சிலிண்டரா. போய்ப் பார்த்தார், மூடியிருக்கிறது. கொல்லைக் கதவா. தாழ் போட்டிருக்கிறது. திரும்பி வந்தார். மூன்றடிக்கு மூன்றடி நடந்தார். வயசாகிவிட்டால் இப்படித்தான், ஒன்றுமில்லாததற்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதற்கெல்லாம் மசியக்கூடாது. ரிட்டயர் ஆகிறபோது சூப்பிரண்டு சொன்னான், வேதரத்தினம், நீங்க தப்புக் கூண்டு ஏத்தினதே இல்லைன்னு. ஒருநாளும் இல்லை. தப்பாகாத ஆள்.

"இந்தா, பைய அவுத்து வச்சுட்டுப் படு. தெற்க போயிருச்சாம்" என்றார். அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில் வேனின் ஹாரன், கடைசி ட்ரிப்பு, அடுத்த தெருவில். "காதுல விழல? தெற்க போயிருச்சு. தப்பிச்சோம்." அவள் அவரைப் பார்த்தாள். சின்னப்பிள்ளை வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தால் பார்ப்பார்களே, அப்படி. "அப்ப எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருப்பாங்க?" என்றாள். "இது ஒரு கேள்வியா? தெற்கன்னா..." வாய் திறந்தது. முப்பத்து நாலு வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற வாய். "ஒன்பது" என்றது. சொன்ன வார்த்தை கூடத்தில் விழுந்து கிடந்தது. அவர் அதையே பார்த்தார். ஒன்பது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. எட்டை இறக்கினார், ஒன்பதை ஏற்றினார், அதுதான் அந்த நடுப்பகல், எட்டு இறங்கி ஒன்பது ஏறின நடுப்பகல், கூரைவரை சேறு, உதட்டில் உப்பு, உப்பு, இவ்வளவு நேரமாக உதட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்ததே உப்பு. "எத்தன மணி?" என்றார். "மூணு இருவத்தஞ்சு" என்றாள், கடிகாரத்தைப் பார்க்காமல், அதை அவள் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தாள். "முன்னாலயே சொல்றதுக்கு என்ன?" "சொன்னா கேக்குற ஆளா நீங்க? கேட்டாத்தான் சொல்லுவீங்க." வாக்கரைப் பிடித்து எழுந்தாள். அவர் டேப்லெட்டைப் பரணில் எறிந்தார், உறை திறந்து காகிதம் தொங்கியது, அதைப் பிய்க்கக்கூட நிற்கவில்லை. இப்போது ஒரே வேலை. கதவைத் திறந்தார், கதவைக் காற்று பிடுங்கிச் சுவரில் அடித்தது, நேரே கடலிலிருந்து வருகிற காற்று, முகத்தில் மணல். தெருமுனையில் வேன் திரும்பி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. கத்தினால் கேட்காது. எழுபத்தைந்து வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடினார், வேட்டியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாரியப்பன் வீட்டுச் சந்து வழியாகக் குறுக்கே புகுந்து, வேனுக்கு முன்னால் போய் நடுரோட்டில் இரண்டு கையையும் உயரத் தூக்கி நின்றார். நகரமாட்டார். ஏற்றினால் ஏற்றிக்கொண்டு போகட்டும். பிரேக் கிறீச்சிட்டது. "பெரியவரே, சாவறதுக்கு வேற வேனு கெடைக்கலியா?" என்று குணாளன் கத்தினான். "ரிவர்ஸ் எடுடா. அவ வாசல்ல நிக்கிறா. கடல் வருது" என்றார் அவர், மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக.

பள்ளிக்கூட மாடியில் ஏழாம் வகுப்பு. பெஞ்சு அவர் நினைத்ததைவிடக் குட்டை, கக்கூஸ் வரிசை அவர் நினைத்ததைவிட நீளம், அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனபோது நாலு பேர் ஐயோ பாவம் என்று வழிவிட்டார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை. ஐந்தே காலுக்கு, இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, கடல் வந்தது. அலையாக வரவில்லை. யாரோ குடத்தைச் சாய்த்துவிட்ட மாதிரி சத்தமில்லாமல் தெருத்தெருவாக நிரம்பிக்கொண்டு வந்தது, கம்பி ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே மைதானத்தில் கோல் போஸ்ட் பாதி, அதற்கப்பால் கடற்கரைத் தெரு இருக்க வேண்டிய இடத்தில் சேறு கலந்த நுரையும் ஒரு தென்னங்குருத்தும். மாரியப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரை தனியாக மிதந்து போயிற்று. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தாயாடா, தெற்கே போனால் என்ன ஆகும் என்று பார்த்தாயா என்று ஊர் பேர் தெரியாத அந்த ஆட்டம் செய்தவனைக் கேட்டுக்கொண்டார், கோபம்கூட முழுசாக வரவில்லை. தப்புக் கூண்டு ஏற்றாத ஆள். இன்றைக்கு ஏற்றினார், சொந்த வீட்டுக்கே ஏற்றினார், பத்து நிமிஷம் அது தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் ஃப்ளாஸ்க் மூடி திறக்கிற சத்தம். அவள் சுக்குக் காப்பியை ஊற்றி நீட்டினாள். குணாளன் நோட்டோடு வந்தான், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு வருகிறான். "எட்டுக்குக் கெளம்பமாட்டேன்னு அந்தத் தாண்டு தாண்டுனீங்க" என்றான். "அப்பறம் எப்பிடி? போர்ட்டுலேர்ந்து சொன்னாங்களா? இல்ல நீங்களே காத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டீங்களா? யாரு சொன்னா?" ஆமாம், நானேதான் என்று சொல்லியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான், ஊரே நம்பும். காப்பி தொண்டையில் சுட்டது, முள் நின்ற இடத்தில் சுட்டுக்கொண்டு இறங்கியது. அவள் தலை குனிந்து புடவை ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது வருஷமாக இந்தா என்றும் ஏய் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். "எழுதிக்க" என்றார் குணாளனிடம். முதல் பாகத்துப் படகுக்கு மட்டும் வைத்திருந்த பெயரை, வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நீலாயதாட்சி."